பை நிறையப் பருப்புக்கீரை

குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து, பங்களாத் தோட்டத்துப் பாத்தி முழுக்க அவள் களையெடுத்து முடித்தபோது மணி ஐந்தாகிவிட்டது. பிடுங்கியது எல்லாமே அந்த வீட்டுக்குக் குப்பைதான். ஆனால் சிவந்த தண்டும் தடித்த குட்டி இலையுமாகப் படர்ந்து கிடந்த பருப்புக்கீரையை மட்டும் அவள் தனியாகப் பையில் சேர்த்திருந்தாள். மகளுக்கு இது ஆறாம் மாசம். உடம்பில் ரத்தமே இல்லை என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வாந்தியாகிவிடுகிறது. வயிற்றில் தங்குவது இந்தக் கீரை ஒன்றுதான்.

பையோடு மேஸ்திரி முன்னால் போய் நின்றாள். உள்ளே கைவிட்டுத் துழாவி, "குப்பைன்னாலும் முதலாளி வீட்டுக் குப்பை" என்று பாதியைக் கொட்டவைத்தால்தான் அந்தப் புண்ணியவானுக்குத் தூக்கம் வரும். இன்று அவன் பையைத் தொடக்கூட இல்லை.

"முழுசா எடுத்துட்டுப் போங்கக்கா."

அக்காவா? மூன்று வருஷமாக "ஏ, இந்தா"தான். திருட்டுப்பட்டம் கட்டப் பார்க்கிறானா?

"கேட்ல பிடிச்சா, நீங்க குடுத்ததுன்னு சொல்வீங்களா?"

"யாரும் பிடிக்க மாட்டாங்க. நாளையிலேர்ந்து வரவேணாம். களையெடுக்க இனிமே ஆள் வேண்டாமாம்."

"ஏன், களை முளைக்காதா?"

"முளைக்காது" என்றவன், அவள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டான்.

வேலை போனது ஒரு பக்கம். அதைவிட, அவன் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதுதான் உறுத்தியது. கேட் அருகே காவலாளி வாளித் தண்ணீரோடு உட்கார்ந்து, முதலாளி வீட்டு நாயின் காலுக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, நாய்க்கு இவ்வளவு உபசாரம்?"

"சங்கிலிய அவுத்துக்கிட்டுப் பாத்திக்குள்ள பூந்துடுச்சுக்கா. வீட்டம்மா கத்துறாங்க. நேத்து சாயங்காலம் நீங்க போனப்புறம் மேஸ்திரி களைமருந்து அடிச்சாராம். மூணு நாளைக்கு நாய அந்தப் பக்கமே விடக்கூடாதாம்."

பை அவள் கையிலிருந்து நழுவியது. மதியம் இந்தக் கையால்தான் சோற்றைப் பிசைந்து தின்றாள். மணிக்கட்டு வரை பச்சை ஏறிய இரண்டு கைகளையும் வாளிக்கு நேரே நீட்டினாள்.

"கொஞ்சம் தண்ணி ஊத்து தம்பி."

"இருங்கக்கா" என்றான் அவன். "இன்னும் ரெண்டு கால் பாக்கி இருக்கு."