பெண் பார்க்க வந்தவர்கள் போகும்வரை

"ஜன்னல சாத்துடி. காரு வந்துடும்," என்று பச்சையம்மா பல்லைக் கடித்தாள்.

அருணா அசையவில்லை. அம்மாவே சாத்தி, பழைய புடவையைக் கிழித்து நனைத்து இடுக்கெல்லாம் திணித்தாள். அப்புறம் சாம்பிராணி, ஊதுபத்தி, மகள் தலையில் மூன்று முழம் மல்லிகை. மற்ற ஊர்களில் பெண் பார்க்க வந்தால் பெண்ணின் தெத்துப்பல்லை மறைப்பார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருக்கும் இந்தத் தெருவில் காற்றை மறைக்க வேண்டியிருந்தது.

பெயிண்ட் தின்னரும் அழுகிய பழமும் கலந்தது போன்ற நெடி அது. பக்கத்து ரசாயனக் கம்பெனியின் தொட்டிகளிலிருந்து ஆவியாகிப் பறப்பது. அருணாவின் அப்பா சேகர் நெல் விளைவித்த பூமியில் இப்போது தலைவலிதான் அமோக விளைச்சல்.

வரப்போகிற மாப்பிள்ளையின் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. அதே கம்பெனியின் மேனேஜர் சபரிநாதன். தூரத்து உறவு, இப்போது சென்னைவாசி. போன மாதம் ஊர்க்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, எங்கள் ஆவியால் ஒரு கொசுவுக்கும் கேடில்லை என்று அம்மன்மேல் சத்தியம் செய்த மகானுபாவர். கேடில்லாத ஆவியை வடிகட்டக் கரி நிரப்பிய அத்தனை பெரிய டவர் எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர்கள் கையில் பிரியாணிப் பொட்டலம் திணிக்கப்பட்டது. வாய் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

கார் வந்தது. மகன் பார்த்திபன் அப்பாவின் முகத்தைப் பார்த்தே சிரிக்கிற பிள்ளை. சபரிநாதனின் மனைவி சந்திரகலா வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காப்பியைக் குடிக்க மட்டும் அதை விலக்கினாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. இந்த ஊரு பொண்ணுங்களுக்குக் கரு நிக்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. எங்க டாக்டர்கிட்ட ஒரு செக்கப் பண்ணிட்டா எங்களுக்கு நிம்மதி."

சேகர் சபரிநாதனைப் பார்த்தார். சபரிநாதன் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஊருக்குச் செய்த சத்தியம் ஊரோடு. பேரப்பிள்ளை சமாச்சாரம் வேறு.

சந்திரகலாவுக்கு இருமல் வந்தது. கண்ணில் நீர் கட்டியது. "என்னங்க, தல சுத்துது. எதுனா பண்ணுங்களேன்."

சபரிநாதன் எழுந்து வெளியே கூடப் போகவில்லை. அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்தபடி போனை எடுத்தார்.

"தணிகைவேலு, நான்தான். ஆவிய வெளிய வுடாத, எல்லாத்தையும் டவர் வழியா திருப்பு. ஆமா, கரன்ட் இழுக்கும், இழுக்கட்டும். இன்ஸ்பெக்‌ஷன்லாம் இல்லப்பா, நம்ம ஊட்டு விசேஷம். நான் கெளம்பறப்ப சொல்றேன், அப்பறம் நிறுத்திக்கோ."

மின்விசிறியைப் போடச் சொல்வது போலச் சொல்லிவிட்டு பஜ்ஜியைக் கையிலெடுத்தார். வெட்கம் என்பதைக் கம்பெனி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிற வேலை போலும்.

பஜ்ஜித் தட்டு காலியாவதற்குள் நெடி குறைந்தது. அருணா எழுந்துபோய் இடுக்கிலிருந்த துணியை உருவி எறிந்து ஜன்னலைத் திறந்தாள். பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடல்காற்று வெறும் கடல்காற்றாக உள்ளே வந்தது. பச்சையம்மா சமையலறை வாசலில் நின்று அதை இழுத்து இழுத்து விட்டாள். பெரியபாளையத்து அம்மன் கோயிலில் வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்தும் தீராத மகளின் தலைவலி ஒரு போனில் தீரக்கூடியதாக இருந்திருக்கிறது.

"மாமா, இது ஒரு போன்ல நிக்கிற நாத்தம்தானா?" என்றாள் அருணா.

"அதுல செலவு இருக்கும்மா. உனக்குப் புரியாது."

"புரியுது மாமா. உங்க ஊட்ல புள்ள பொறக்கணும்னா டவர் ஓடும். எங்க தெருவுல பொறக்கறதுக்கு ஓடாது. செக்கப்புக்கு நான் வரல. இந்தக் கல்யாணமும் வாணாம்."

"திமிரப் பாத்தீங்களா," என்று சந்திரகலா எழுந்தாள்.

அருணா அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டு நர்மதாவின் கைக்குழந்தை பிறந்த நாளிலிருந்து இளைப்போடு கதவுக்குள்ளேயே கிடக்கிறது.

"நர்மதாக்கா, கொழந்தைய வெளிய தூக்கினு வா. கம்பெனி சார் எங்க ஊட்ல இருக்காரு. அவரு போற வரிக்கும் மூச்சு வுடலாம்."

நர்மதா முதலில் நம்பவில்லை. மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தையோடு வந்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. யாரோ கயிற்றுக்கட்டிலைக் கொண்டுவந்து, தெருவில் நிழல் இருந்த ஒரே இடத்தில், காருக்குப் பின்னால் வழியை அடைத்தாற்போல் போட்டார்கள். குழந்தையை அதில் கிடத்தினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அது கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது.

சபரிநாதன் கார் சாவியோடு வாசல்வரை வந்து, கட்டிலைப் பார்த்து நின்றார். "கட்டில எடுக்கச் சொல்லு, சேகரு."

சேகர் கொல்லைக்குப் போய், தலைவாழை இலை அறுத்து வந்து கூடத்தில் விரித்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

"கொழந்த தூங்குது சார். நீங்க ஒக்காந்து சாப்புடுங்க. நீங்க இங்க இருக்கற வரிக்கும் எங்க பொண்ணுங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."