பஃபலோவுக்குப் போகும் மெசின்

2025 யூன் 4ஆம் திகதி, வாஷிங்டன் நேரப்படி நள்ளிரவு கடந்து ஒரு நிமிடத்தில், அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகும் உருக்கு, அலுமினியம் மீதான வரி இருபத்தைந்து வீதத்திலிருந்து ஐம்பது வீதமாக உயர்ந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, கனடாவின் ஸ்காபரோவில், ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, கிளடிஸ் தகடு வளைக்கும் மெசினுக்கு முன்னால் நின்றார். ஐம்பத்து மூன்று வயது. டோர்செட் பார்க் அடுக்குமாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். தட்டிலிருந்து ஒரு நீளத் தகட்டை எடுத்து மெசினின் வாய்க்குள் கொடுத்து, பெடலை மிதித்தார். மேலிருந்து கத்தி இறங்கியது. தகடு முனகி மடிந்தது. கையுறையைக் கழற்றி, மடிப்பின் உட்புறத்தைப் பெருவிரலால் தடவினார். அடுத்த தகட்டுக்குக் கத்தியைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கினார்.

அலுமினியம் மடித்தபடி நிற்காது. கத்தி மேலே போனதும் ஒன்றிரண்டு பாகை திரும்பி வரும். எவ்வளவு வரும் என்பது வந்த சரக்கைப் பொறுத்தது, அன்றைய குளிரைப் பொறுத்தது. மெசினின் கணினி சொல்லும் அளவில் மடித்தால் பத்துக்கு மூன்று குப்பைக்குப் போகும். கிளடிஸ் மடித்தால் ஒன்றும் போகாது. பதினேழு வருடமாக இந்த வேலை. இங்கே செய்யும் அலுமினியச் சட்டங்கள் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு கம்பனி கட்டும் லொறிப் பெட்டிகளுக்குப் போகின்றன. நூற்றில் எண்பது அங்கேதான்.

ஒன்பது மணிக்கு முதலாளி லெஸ்லி எல்லோரையும் கூப்பிட்டார். முப்பத்தெட்டுப் பேர். பாதிக்கு மேல் தமிழர், மிச்சம் பிலிப்பினோக்களும் கயானாக்காரரும்.

"எல்லைக்கு அங்கால பஃபலோவில ஒரு இடம் எடுத்திருக்கிறன்," என்றார் லெஸ்லி. முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் சொன்னார். "இஞ்ச இருந்து அனுப்பினால் அரைவாசி வரி. அங்க வைச்சுச் செய்தால் வரி இல்லை. இது நான் போட்ட சட்டம் இல்லை. வளைக்கிற மெசின் ரெண்டும் போகுது."

"அப்ப நாங்கள்?" என்று கேட்டார் அமிர்தநாதர். அறுபத்தொரு வயது, வெட்டும் பகுதியில் வேலை.

"இஞ்சயும் கொஞ்சம் ஓடும்."

"கொஞ்சமெண்டால் எத்தினை பேர்?"

லெஸ்லி நிலத்தைப் பார்த்தார். "எட்டுப் பேர்."

ஆட்கள் தங்கள் மெசின்களுக்குத் திரும்பினார்கள்.

பிறகு லெஸ்லி கிளடிஸிடம் தனியாக வந்தார். கையில் போன், அதைப் பூட்டும் முக்காலி. "கிளடிஸ், நீர் எப்பவும் செய்யிறதைச் செய்யும். நான் வீடியோ எடுக்கிறன். அங்க வாற பெடியளுக்குக் காட்டவேணும். எங்க தடவுறீர், எவ்வளவு கூட்டுறீர், எல்லாம் வாயால சொல்லும்."

கிளடிஸ் சொன்னார். இரண்டு மணி நேரம் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. லெஸ்லி கேட்டு அவர் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. மகள் ஸ்டெபனிக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையாகத் தலைதொட்டவர் லெஸ்லி. கணவர் இறந்தபோது சவப்பெட்டி தூக்கியவரும் அவர்தான். செப்டெம்பரில் ஸ்டெபனிக்குக் கல்யாணம். கோயிலில் தகப்பன் இடத்தில் நின்று அவளைக் கைபிடித்து நடத்திப் போகவிருந்தவரும் அவரே.

செவ்வாய்க்கிழமை முதலாவது மெசினைக் கழற்ற ஆட்கள் வந்தார்கள். புதன்கிழமை இரண்டாவது மெசினில் வீடியோ எடுப்பதாக லெஸ்லி சொல்லியிருந்தார். அதில்தான் கடினமான சட்டங்கள் மடிக்கப்படும்.

செவ்வாய் மதியம் சாப்பாட்டு அறையில் வழக்கம்போல் தமிழர்கள் மைக்ரோவேவுக்குப் பக்கத்து மேசையில், மற்றவர்கள் ஜன்னலோரம். அமிர்தநாதர் போனில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

"1962இல ஒரு சட்டமாம். நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்தெண்டு கண்டால் சனாதிபதி எந்தச் சாமானுக்கும் வரி போடலாமாம். அதை வைச்சுத்தான் போட்டிருக்கினம்."

"அப்ப கிளடிஸ் அக்கா மடிக்கிற தகடு அமெரிக்காவுக்கு ஆபத்தோ?" என்றாள் புனிதவதி, துளை போடும் பகுதியில் வேலை செய்பவள்.

"மன்னாரில கடலுக்குப் போகவிடாமல் மறிக்கேக்க நேவிக்காரனும் இதைத்தான் சொன்னவன்," என்றார் கிளடிஸ்.

சிரித்தார்கள். அது நீடிக்கவில்லை.

வாஷிங்டன் இப்படிச் செய்வது இது முதல் தடவை அல்ல. 1930இல் தன் விவசாயிகளைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லி வரிச்சுவரை உயர்த்தியது. பதிலுக்குக் கனடாவும் உயர்த்தியது. வேலை இரு பக்கமும் போனது. 1965இல் கார்களும் உதிரிப்பாகங்களும் எல்லையில் வரியின்றிப் போய்வர ஒப்பந்தம் செய்தது. ஒன்ராறியோவின் தொழிற்சாலைகள் பல அந்த ஒப்பந்தத்தில் வளர்ந்தவை. பிறகு சுதந்திர வர்த்தகம் என்றது. 2018இல் கனடிய அலுமினியத்துக்குப் பத்து வீதம் போட்டு, அடுத்த வருடம் எடுத்தது. ஒவ்வொரு தடவையும் தன் உழைப்பாளிகளின் பெயரைச் சொல்லியே செய்தது. பஃபலோவில் லெஸ்லி எடுக்கப்போகும் ஆட்களுக்கு மணிக்கு எவ்வளவு கொடுப்பார் என்று இந்த வரி உத்தரவில் எங்கும் இல்லை.

"வீடியோ இல்லாட்டி அவையள் பழகமாட்டினமோ?" என்று கேட்டாள் புனிதவதி.

"பழகுவினம்," என்றார் கிளடிஸ். "மூண்டு மாதம் பிடிக்கும். அதுவரைக்கும் கழிவு குவியும். ஒஹாயோக்காரன் திருப்பி அனுப்புவான்."

"மூண்டு மாதத்தில என்ன கிடைக்கும்?"

"மூண்டு மாதம் கூட வேலை கிடைக்கும்," என்றார் அமிர்தநாதர். "ஆனால் நீர் மட்டும் வாயை மூடினால் ஒண்டும் நடக்காது, கிளடிஸ். நாளைக்கு லெஸ்லி உம்மை வீட்டை அனுப்பிப்போட்டு என்னைக் கேப்பார். எல்லாரும் ஒண்டாய் நிக்கவேணும். அதுக்கு அந்த மேசைக்குப் போகவேணும்."

எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். உடனே யாரும் எழும்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

2019இல் தொழிற்சங்க வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. பிலிப்பினோக்காரரான றோடெல், உருக்கி ஒட்டும் பகுதியில் வேலை செய்பவர், சங்க அட்டைகளில் கையெழுத்து வாங்கித் திரிந்தார். லெஸ்லி தமிழர்களைக் கோயில் மண்டபத்தில் கூட்டி, கோழிப் புரியாணி கொடுத்து, நாங்கள் ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் சங்கம் எதற்கு என்றார். எங்கட ஆள் என்று நம்பினார்கள். கிளடிஸ் வாக்கெடுப்பு அறை வாசலில் நின்று ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணிடமும் 'வேண்டாம்' என்று போடச் சொன்னார். சங்கம் நான்கு வாக்கால் தோற்றது. அடுத்த மாதமே றோடெலின் வேலைநேரம் குறைந்தது. அன்றிலிருந்து இரண்டு மேசை.

கிளடிஸ் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போனார்.

"இருக்கலாமா?"

றோடெல் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா? உங்கள் குடும்பத்தார் எங்கே?" என்றார் ஆங்கிலத்தில்.

பக்கத்திலிருந்த இருவர் சிரித்தார்கள். கிளடிஸின் முகம் சிவந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"நான் அண்டைக்குச் செய்தது பிழை," என்று தொடங்கியவர், தமிழில் சொல்கிறோம் என்று உணர்ந்து, தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னார். "வாசலில் நின்றது நான். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

"எனக்கு ஆறு வருடமாகத் தெரியும்." றோடெல் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "நேற்று இரண்டு மணி நேரம் வீடியோவுக்குப் பேசினீர்களே. அந்த மெசின் போகிறது. அதற்கும் மன்னிப்பா?"

"அதற்கும்."

"அடுத்த மெசின்?"

"பேசமாட்டேன். நான் பேசாவிட்டால் மற்ற யாரும் பேசக்கூடாது. அதற்குத்தான் வந்தேன்."

றோடெல் காலால் ஒரு கதிரையைத் தள்ளிக்கொடுத்தார். "சங்கம் வந்தாலும் மெசின் போகலாம்," என்றார். "பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் யாரை, எப்போது, எப்படி அனுப்புவது என்று எங்களைக் கேட்காமல் செய்ய முடியாது. அரசாங்கத்தின் வேலைப்பகிர்வுத் திட்டம் ஒன்று இருக்கிறது. வேலைநேரம் குறைந்தால் இழப்பில் ஒரு பகுதியை அது தரும். லெஸ்லி இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அவரைக் கேட்க ஒருவராவது வேண்டும்."

புனிதவதி தன் சோற்றுப் பெட்டியோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். பின்னால் அமிர்தநாதர் வந்தார். இடம் போதவில்லை. மேசையை இழுத்து மற்ற மேசையோடு சேர்த்தார்கள்.

புதன்கிழமை காலை லெஸ்லி முக்காலியை விரித்தபோது கிளடிஸ் கையுறையைக் கழற்றவில்லை.

"லெஸ்லி அண்ணை, வேலை செய்வன். வீடியோவுக்குச் செய்யமாட்டன்."

"என்ன கதை இது? திங்கட்கிழமை செய்தனீர்தானே."

"செய்தனான். இனி இல்லை. வேலைப்பகிர்வுக்கு விண்ணப்பியுங்கோ. எட்டுப் பேரெண்டு ஆரைக் கேட்டு முடிவெடுத்தனீங்கள்?"

"ஆரைக் கேக்க? வாஷிங்டனைக் கேக்கிறதோ?" லெஸ்லியின் குரல் உடைந்திருந்தது. இரவுகளில் நித்திரை இல்லை என்பது அவர் கண்ணில் தெரிந்தது. "பட்டறையை மூடினால் முப்பத்தெட்டும் போகும். அது விளங்குதோ உமக்கு?"

"விளங்குது. அதைத்தான் எல்லாரோடையும் இருந்து கதையுங்கோ எண்டு கேக்கிறம்."

"கேக்கிறமெண்டால்? ஆர் அந்த நாங்கள்?"

துளை போடும் மெசின் நின்றது. வெட்டும் மெசின் நின்றது. றோடெல் முகக்கவசத்தை உயர்த்தி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

லெஸ்லி முக்காலியை மடித்தார். "ஸ்டெபனியை நடத்திப்போக வேற ஆளைப் பாரும்," என்றார், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல்.

கிளடிஸ் தகட்டை எடுத்து வாய்க்குள் கொடுத்தார். முதல் இரண்டு மடிப்பும் பிழையாகின. புனிதவதி வந்து தகட்டின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டாள்.

முதலாவது மெசின் வியாழக்கிழமை எல்லையைக் கடந்து பஃபலோவுக்குப் போனது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் சங்க அட்டையில் கையெழுத்திட்டனர். சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்கும் விண்ணப்பம் அன்றே ஒன்ராறியோ தொழில் உறவுச் சபைக்கு அனுப்பப்பட்டது. வாக்கெடுப்பு யூன் 27, வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு அறையில்.