அம்பு ஒட்டாத வரிசை

“ஒடக்கானுக்குச் சாயம் ஏறிப்போச்சுன்னு கவர்மெண்டுக்கு மனு எழுதுன மொத ஆளு இந்த ஒலகத்துலயே நீங்கதானுங்க அம்மணி!”

“எழுதுவேனுங்க. நாளைக்கும் எழுதுவேன். ஒடக்கான் கழுத்து வரைக்கும் ஏறுன சாயம் எங்க கழுத்துக்கு ஏற எத்தனை நாளாகுமுங்க மயில்சாமியண்ணா?”

“வாயை அளந்து பேசுங்க!”

“நீங்க மொதல்ல தண்ணியை அளந்து உடுங்க!”

கொங்கு நாட்டில் ஓணானுக்கு ஒடக்கான் என்று பேர். அங்கத்துச் சண்டையில் ஒரு விசேஷம் உண்டு. குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனாலும் ‘ங்க’ மட்டும் கீழே விழாது. வீரபாண்டிக்குத் தெற்கே, பாதி விற்று பாதி விற்காமல் கிடந்த அந்த மனைக்காட்டில், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயிலில், சாயப்பட்டறை மயில்சாமியும் செக்கிங் ஞானாம்பாளும் மரியாதை குறையாமல் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் கோழிக்குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு லைன் வீட்டுக்காரர்கள் மொத்தப் பேரும் வெளியே வந்துவிட்டார்கள். குழம்பு அப்புறம்கூடக் கொதிக்கும்.

மயில்சாமியின் கையில் ஒரு காகிதம் இருந்தது. ‘என் வீட்டு போர்க் கிணற்றுத் தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை. மேற்படி பட்டறைமீது நான் கொடுத்த மனு தவறானது’ என்று வக்கீல் தமிழில் டைப் அடித்து, கீழே ஞானாம்பாள் பெயர் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அவள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் குழாயில் தார் வந்தாலும் கேட்க நாதியில்லை. அது அவளுக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். மயில்சாமிக்குத் தெரிந்துதான் டைப் அடித்திருந்தார்.

ஞானாம்பாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இருபத்திமூன்று வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றவள். துணியில் ஊசி முனை அளவு ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, சாயம் அரை மாத்து கூடுதலோ, எது இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். வேலையை விட்டு வந்த பிறகும் அம்பு ஸ்டிக்கர் சுருள் இடுப்பிலேயே இருந்தது. பால்காரர் கேனில் இருந்த நெளிசலுக்கு ஒட்டினாள். மகள் அனுப்ரியாவைப் பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே ஒட்டித் திருப்பி அனுப்பினாள்.

புருஷன் போன பிறகு, வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணம் முழுவதையும் இந்த வீட்டிலும் அறுநூறு அடி போரிலும்தான் போட்டிருந்தாள். முதல் வருஷம் இளநீர் மாதிரி தண்ணீர். அடுத்த வருஷம் மஞ்சள். அதற்கடுத்து டீத்தண்ணி. வாசலில் நின்ற எட்டு முருங்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ந்தன. கேட்டதற்கு மயில்சாமி, “அது மண்ணு வாகுங்க” என்றார். பட்டறைத் தண்ணீர் சொட்டு விடாமல் சுத்திகரிப்புக்குப் போகிறதாம்.

இந்த எரிச்சலில் இருந்தபோதுதான், சித்திரை வெயிலில், மிளகாய் காயப்போடப் போனவள் அதைப் பார்த்தாள். பதினேழாம் நம்பர் மனைக்கல்லின்மேல் விரல் நீள உடம்போடு ஒரு மண் நிற ஒடக்கான். இருந்தாற்போல் தலையைத் தூக்கி, தாடைக்குக் கீழே ஒரு விசிறியை விரித்தது. நீலம், கறுப்பு, செங்காவி.

ஊரில் வேறு யாராக இருந்தாலும் ‘அட, அழகா இருக்குதே’ என்று சொல்லிவிட்டு மிளகாயைக் கவனித்திருப்பார்கள். ஞானாம்பாளுக்கு வந்தது வேறு. ராயல் ப்ளூ. பிளாக். ரஸ்ட். அந்த வாரம் மயில்சாமி பட்டறையிலிருந்து வண்டியேறிய துணி உருளைகளில் இதே மூன்று நிறங்களையும் அவள் பார்த்திருந்தாள்.

“பாண்டியம்மா! ஓடியா! ஒடக்கானுக்குச் சாயம் புடிச்சிருக்குது!”

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் விருதுநகர்ப் பக்கத்துக்காரி, பவர் டேபிள் மிஷினில் தைக்கிற டெய்லர். வந்து எட்டிப் பார்த்தாள். “எங்கூர்ல இதைக் கரட்டாண்டிம்போம்க்கா. ஆனா இம்புட்டுக் கலரா நான் பாத்ததே இல்ல. பாவம், எந்தத் தண்ணியக் குடிச்சுச்சோ.”

அவ்வளவுதான். பத்து நாள் இருவரும் மனைக்காட்டை ஒரு கல் விடாமல் சுற்றினார்கள். எந்தக் கல்லில் நிறக் கழுத்து ஒடக்கான் நின்றதோ அந்தக் கல்லில் ஒரு அம்பு. நாற்பத்தியொரு அம்பு ஒட்டியதும், போட்டோவோடு மனுவும் போனது.

மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார். பட்டறைக்குள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. போகும்போது போட்டோவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு போதாதா நம்மவர்களுக்கு? சாயங்காலத்துக்குள் ஞானாம்பாள் ‘ஒடக்கானக்கா’ ஆகிவிட்டாள். மளிகைக் கடைக்காரர், “அக்கா, நம்ம கடைப் பல்லி வெளுத்தாப்பல இருக்குது, ஒரு அம்பு ஒட்டிட்டுப் போறீங்களா?” என்றார். இரண்டு வருஷமாகக் கெட்ட தண்ணீரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒடக்கானைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். ஞானாம்பாளுக்குப் பற்றி எரிந்தது அதுதான்.

இன்றைக்கு மயில்சாமி காகிதத்தோடு மட்டும் வரவில்லை. சாட்சியையும் கூட்டி வந்திருந்தார். அக்காள் மகன் அருள்செல்வன், உடுமலைப் பக்கம் ஒரு காலேஜில் விலங்கியல் வாத்தியார். தன் மகள் வினிதாவுக்கு அவனைத்தான் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார் என்பது, மனசுக்குள்தான் என்றாலும், தெருவுக்கே தெரியும்.

அந்தப் பையன் மாமனையும் பார்க்கவில்லை, சண்டையையும் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து வெடித்த மண்ணில் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

“எந்திரிச்சு வந்து சொல்றா மாப்ளே, அது என்னன்னு!” என்றார் மயில்சாமி.

சட்டையெல்லாம் புழுதியாக எழுந்து வந்தான். முகம் முழுக்கச் சந்தோஷம். “விசிறி ஓணானுங்க மாமா. வேலியில ஏறுற சாதாரண ஓணான் இல்ல. அதுக்குப் பின்னங்கால்ல அஞ்சு விரல், இதுக்கு நாலுதான். அவசரம்னா ரெண்டு கால்லயே ஓடும். விசிறி ஆணுக்கு மட்டும்தான், அதுவும் கோடையில மட்டும்தான் இந்தக் கலர் வரும். பொட்டைக்குக் காட்டறதுக்கு.”

“நம்ம குமரேசன் மைனர் செயின் போடற மாதிரின்னு சொல்லு!” என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, குமரேசன் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

ஞானாம்பாள் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்துவிட்டது. இருபத்திமூன்று வருஷத்தில் நல்ல பீஸுக்கு அம்பு ஒட்டியதாக அவள்மேல் ஒரு பேச்சு கிடையாது. இப்போது நாற்பத்தியொன்று ஒட்டியிருக்கிறாள்.

“சாயம் இல்லீங்களா கண்ணு?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

“இல்லீங்க அத்தை. பொறப்புலயே அப்படித்தானுங்க. இதுக்கு வறக்காடுதான் வேணும். பாலைவனம் மாதிரி வெட்டவெளி, மண்ணு சுடோணும். அடி மண்ணுல ஈரம் தேங்கி நசநசன்னு இருந்தா அந்தப் பக்கமே வராதுங்க.”

மயில்சாமிக்கு இதற்குமேல் பொறுமை இல்லை. “கேட்டுக்குங்க எல்லாரும்! ஈரமிருந்தா வராதாம்! இத்தனை ஒடக்கான் இங்க இருக்குதுன்னா என்னங்க அர்த்தம்? என்ற பட்டறையிலிருந்து ஒரு சொட்டு வெளிய வரலைன்னு அர்த்தம்! எனக்குச் சாட்சி வேற யாரும் வேண்டாமுங்க. இந்த அம்மணி ஒட்டுன அம்பே சாட்சி! கையெழுத்தைப் போடச் சொல்லுங்க!”

நியாயம்தானே என்கிற மாதிரி கூட்டம் முனகியது. “போட்டுட்டு உடுங்கக்கா, வெயில் ஏறுது” என்றார் மளிகைக் கடைக்காரர். அனுப்ரியா அம்மாவின் கையைப் பிடித்தாள். ஞானாம்பாள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

வாங்கிக்கொண்டு, காகிதத்தைப் பார்க்காமல் காட்டைப் பார்த்தாள்.

மனைக்கற்களில் அம்புகள் வெயிலில் மினுங்கின. கிழக்கே, மேற்கே, ரோட்டோரம், எல்லா வரிசையிலும் சிவப்பு. நடுவில் ஒரு வரிசை மட்டும் வெறுமையாக ஓடியது. பட்டறைச் சுவரில் ஆரம்பித்து முப்பத்தியொன்று, முப்பத்திரண்டு என்று முப்பத்தெட்டாம் நம்பர் வரை. அதற்கு அடுத்தது அவள் வீட்டு போர்.

பின்னுகிற மிஷினில் ஒரு ஊசி ஒடிந்தால் துணி நெடுக ஒரு கோடு விழும். முதல் நாள் வேலைக்கு வந்த பெண்ணுக்குக்கூட அது தெரியும். துணியை விட்டுவிட்டு, கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அந்த மிஷினைப் போய்ப் பார்ப்பார்கள்.

“வாத்தியார் கண்ணு,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. அவளைத் தெரிந்தவர்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். “பத்து நாள் அத்தனை கல்லையும் பார்த்தேனுங்க. இந்த எட்டுக் கல்லுலயும் ஒரு ஒடக்கான்கூட நிக்கல. ஏனுங்க?”

அருள்செல்வன் வரிசையைப் பார்த்தான். மாமனைப் பார்த்தான். மறுபடி வரிசையைப் பார்த்தான். காலேஜ் வாத்தியார்களுக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது போலும்.

“மேல காய்ஞ்சாப்பல தெரிஞ்சாலும்… அடியில காய்ஞ்சிருக்காதுங்க.”

“டேய்!” என்றார் மயில்சாமி.

யாரும் சொல்லாமலே பாண்டியம்மாள் வீட்டுக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தாள்.

“யாரு சைட்டுல யாரு தோண்டறது? அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்கடைக்காரரு எடமுங்க இது! போலீசுக்குப் போவேன்!”

“போங்கண்ணே. அவுக வரதுக்குள்ள தோண்டிருவோம்” என்றாள் பாண்டியம்மாள்.

முப்பத்திநான்காம் நம்பரில் முதல் ஓர் அடி ‘ணங் ணங்’ என்றது. அடுத்த குத்தில் சத்தமே இல்லை. கடப்பாரை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மேலே எடுத்தபோது முனையில் கறுத்த சேறு. மூக்கைப் பிடித்துக்கொள்ளும்படி பட்டறை வாடை. இரண்டு பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். சிரித்த குமரேசன்தான் முதல் ஆள். இடுப்பளவு ஆழத்தில் பட்டறைப் பக்கமிருந்து வந்த ஆறு இஞ்ச் குழாய், மூட்டில் கசிவு. குழியில் ஊறிய தண்ணீர் நல்ல மெரூன்.

ஞானாம்பாள் குழிக்குள் இறங்கினாள். இடுப்பிலிருந்து சுருளை எடுத்து, ஓர் அம்பைக் கிழித்து, ஈரத்தில் ஒட்டாமல் வழுக்கியதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, குழாயின்மேல் ஒட்டினாள். நாற்பத்திரண்டாவது. பிறகு நிமிர்ந்தாள்.

“ரெண்டு வருசம். இந்தத் தண்ணியிலதான்டா என்ற புள்ளைக்குக் காப்பி வெச்சேன். உனக்கும் ஒரு நாள் குடுத்தேனே, குடிச்சியா? ஆறிப்போச்சுன்னு கீழ வெச்சுட்டுப் போனியே! தெரிஞ்சுதானேடா வெச்சே?”

‘ங்க’ விழுந்துவிட்டது. அந்தத் தெருவில் மயில்சாமியை ஒருவர் ‘டா’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். குழாயைப் பார்த்து அதிர்ந்ததைவிட அதற்குத்தான் கூட்டம் அதிகம் அதிர்ந்தது. மயில்சாமி மருமகனைத் தேடினார். அருள்செல்வன் குழிக்குள் இருந்த அத்தைக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

காகிதத்தை அவள் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் அங்கேயே இரண்டாவது மனுவை எழுதினாள். இந்தத் தடவை ஒடக்கான் போட்டோ வைக்கவில்லை. ஒரு மாதத்தில் பட்டறைக்குச் சீல் விழுந்தது.

தண்ணீர் தெளியவில்லை. மண்ணுக்குள் போனது வெளியே வர வருஷக்கணக்காகும் என்று வந்தவர்கள் சொன்னார்கள். கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டே ஞானாம்பாள் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். பாண்டியம்மாள், “எனக்கு உம்மைய விட்டுப் போக மனசில்லக்கா, குழந்தைக்கு மேலெல்லாம் சொறியுது” என்று அழுதுவிட்டு அனுப்பர்பாளையத்துக்குக் குடி போனாள்.

அருள்செல்வன் ஓணான் கணக்கெடுப்பு என்று சொல்லி ஞாயிறு தவறாமல் வந்தான். மழை பெய்து விசிறியெல்லாம் நிறம் மங்கிய பிறகும் கணக்கெடுப்பு நிற்கவில்லை. அனுப்ரியா நோட்டில் எழுதிக் கொடுத்தாள். ஞானாம்பாள் அவனைத் தலை முதல் கால் வரை நாலு வாரம் பார்த்தாள். அம்பு ஒட்ட இடம் கிடைக்கவில்லை.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் வராமல் தட்டு மாற்ற முடியாது. மயில்சாமி வந்தார். அதே வீட்டில், நடுக்கூடத்தில், ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். ஞானாம்பாள் சமையலறைக்குப் போய், கேனைத் தாண்டி, போர்க் குழாயைத் திறந்து, ஒரு கண்ணாடி டம்ளர் நிறையப் பிடித்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“தண்ணி குடிங்க மயில்சாமியண்ணா” என்றாள். ‘ங்க’ திரும்ப வந்திருந்தது.

டீ நிறத் தண்ணீர் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. ஒறம்பரைச் சனம் முழுவதும் அதையே பார்த்தது. தாம்பூலம் மாற்றி முடித்ததும் அவர் போன் வந்ததாகச் சொல்லி எழுந்தார். டம்ளர் நிறைந்தபடியே இருந்தது.

தை மாதம் சிவன்மலையில் கல்யாணம். வினிதா அதற்கு முன்பே ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மயில்சாமி வீட்டை விற்றுவிட்டு மூலனூர்ப் பக்கம் முருங்கைக் காடு குத்தகைக்குப் பிடித்துப் போய்விட்டார். அந்தக் காட்டுப் போர்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, இரண்டு மடக்குக் குடித்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தாராம்.