ஆறரை சென்டிமீட்டர் உயரம்

ஹாலிஸ் பெக்ஸ்ட்ரோம் தன் அறுபத்தொரு வயதுவரை சொன்ன பொய்களில் பாதிக்கு மேல் ஒரே படிவத்தில் இருந்தன. உடம்புக்கு அளவெடுத்து டைட்டானியத்தில் சைக்கிள் ஃபிரேம் செய்துதருகிற ஜோலீனிடம் பதினான்கு மாதம் வரிசையில் காத்திருந்து, முறை வந்ததும் அவள் அனுப்பிய படிவம் அது. முட்டியை மடக்காமல் குனிந்தால் கை எதுவரை போகும் என்று கேட்டிருந்தாள். உள்ளங்கை தரையைத் தொடும் என்று எழுதினார். காலுறை மாட்டுவதற்கே கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற மனிதர். வலி, மரத்துப்போதல் ஏதாவது உண்டா என்ற இடத்தில் 'கிடையாது' என்று எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டார். அந்தப் பொய்யில்தான் மாட்டிக்கொண்டார்.

ஜோலீன் படிவங்களை நம்புகிறவள் இல்லை. ஐம்பது தாண்டிய ஆண்களுக்கெல்லாம் படிவத்தில் இருபத்தைந்து வயதுதான் என்பாள். அதனால் ஃபிரேமுக்கு வரைபடம் போடுவதற்கு முன், ஆளைப் பழைய வண்டியில் முன்னால் விட்டு, பின்னாலேயே பதினைந்து மைல் ஓட்டிவருவது அவள் வழக்கம். குழாயை வெட்டிப் பற்றவைத்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. டைட்டானியம் துருவும் பிடிக்காது. தப்பாகச் செய்தால் தப்பு நூறு வருஷம் பளபளப்பாக இருக்கும்.

மொன்டானாவில், மிசூலா ஊருக்கு வடக்கே மலைப்பாதையில் ஹாலிஸ் மூன்றாவது முறையாக நின்றபோது, அவளும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஷூ லேஸ் சரியில்ல," என்றார் ஹாலிஸ்.

"உங்க ஷூல லேஸே கிடையாதே. திருகுற மாதிரில்ல இருக்கு."

"அப்ப திருகு சரியில்ல."

"திருகு சரியில்லன்னா கையை எதுக்கு உதறுறீங்க?"

மண்சாலையில் ஒரு லாரி போய்ப் புழுதி அடங்கியது. ஹாலிஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அரை மணி ஓட்டினால் போதும், சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கை மொத்தமும் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. பிரேக்கைப் பிடிக்கிறோமா இல்லையா என்றே தெரிவதில்லை. இப்போதெல்லாம் பேனாவைப் பிடித்தால்கூட மரத்துவிடுகிறது. இது ரெண்டு வருஷக் கதை.

"வீட்ல, வெர்னாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா நேரா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவா. அந்த ஆள் சைக்கிளைத் தொடாதேன்னுடுவான். எனக்கு வாரத்துல சனிக்கிழமை ஒண்ணுதான் ஜோலீன். அதையும் பிடுங்கிட்டா வீட்ல உக்காந்து என்ன பண்றது? நீ சொல்லிடாத."

"நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றாள் ஜோலீன். அந்த வாக்கை அவள் காப்பாற்றவும் செய்தாள்.

ஹாலிஸும் அவர் மனைவி வெர்னாவும் முப்பத்தொரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறவர்கள். சண்டை போட்ட வாரங்களில்கூட ஓட்டினார்கள். பேசாமல் ஓட்டினார்கள், அவ்வளவுதான். இந்த ரெண்டு வருஷமாக, ஏற்றம் வந்தாலே ஹாலிஸ், "நீ போ, நீ போ, நான் வந்துடறேன்," என்று அவளைத் துரத்திவிடுவார். அவள் கண்மறைந்ததும் இறங்கிக் கையை உதறிக்கொள்வார். அவள் உச்சியில் காத்திருப்பாள். கெட்டிக்காரத்தனமாகச் சமாளிக்கிறோம் என்று அவருக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்று வாரம் கழித்து ஜோலீன் போட்ட வரைபடம் மின்னஞ்சலில் வந்தது. காகிதத்தில் எடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் குழாயை வெட்டுவாள். ஹாலிஸ் சமையலறையில் உட்கார்ந்தபடியே பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் இருப்பது வெர்னாவின் அறையில். வெர்னா இருப்பதும் அதே அறையில். அவளோ கவுண்டி நில அளவை ஆபீசில் முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவள். கோடுகளைப் பார்த்தே இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களில் எவன் வேலியைத் தள்ளிப்போட்டான் என்று சொல்லிவிடுவாள். அவளிடமிருந்தா ஒரு படத்தை மறைக்க முடியும்?

படத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"புள்ளிக்கோடு உன் பழைய வண்டி. கனமான கோடு புதுசு. சரிதானே?"

"சரிதான்."

"ஹேண்டில்பார் ஆறரை சென்டிமீட்டர் மேல ஏறியிருக்கு. மூணு சென்டிமீட்டர் உன் பக்கமா வந்திருக்கு."

"இப்ப அதான் ஃபேஷன்."

"பின்சக்கரத்தைத் தள்ளி வச்சிருக்கா. தடி டயருக்கு இடம் விட்டிருக்கா. குழாயை மெலிசாப் போட்டு, அதிர்வு குறையணும்னு ஓரத்துல எழுதியும் இருக்கா. இந்த வண்டி முழுக்க உன் கைக்காகவே செஞ்சது ஹாலிஸ். உன் கைக்கு என்ன?"

"கைக்கு என்ன, நல்லாத்தான்..."

வெர்னா கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தின்மேல் வைத்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஹாலிஸுக்குப் பொய் வராது. சொல்லிவிட்டார்.

டாக்டர் என்ற சொல் இப்போது விழும் என்று குறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். விழவில்லை.

"அப்ப அதுக்குத்தான் ஏத்தத்துல பின்னாலயே நின்னியா?" என்றாள்.

"வேற எதுக்கு?"

"என்கூட ஓட்டப் பிடிக்கலன்னு நினைச்சேன். ஏத்தம் வந்தாலே போ போன்னு துரத்துவியே. மேல தனியா நின்னு நின்னு எனக்கும் வெறுத்துப்போச்சு. சனிக்கிழமைக்கு மட்பாண்ட வகுப்புல பேர் குடுத்துட்டேன். அடுத்த வாரம் ஆரம்பம்."

எந்தச் சனிக்கிழமை போய்விடக் கூடாதென்று ஹாலிஸ் ரெண்டு வருஷம் பொய் சொன்னாரோ, அதைத் தன் வாயாலேயே போ போ என்று விரட்டியிருக்கிறார். தன்னைப்போல ஒரு மடையன் மொன்டானாவிலேயே இருக்க மாட்டான் என்று தோன்றியது.

"மட்பாண்டம் வேணாம் வெர்னா."

"திங்கட்கிழமை டாக்டர்."

"ஓட்டக் கூடாதுன்னுடுவான்."

"சொன்னா வேற டாக்டர். கையெழுத்துப் போடு."

"வண்டி ஒட்டகச்சிவிங்கி மாதிரி இருக்கு. ரோட்ல பசங்க சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். நீ நின்னா நானும் நிப்பேன். ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கட்டும்."

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. வழக்கம்போல மேசைக்கடியில் கொண்டுபோய் உதறப் பார்த்தவர், யோசித்துவிட்டுக் கையை அவள் முன்னால் நீட்டினார். வெர்னா சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டாள்.