நூற்று எண்பது மாணவியர்

அலர்மேல்மங்கைக்கு ஜானகி மேல் பொறாமை என்பது பெங்களூர் அடுகோடியில் அந்த டைப்செட்டிங் கம்பெனி மாடியில் வேலை பார்த்த ஏழு பேருக்கும் தெரியும். கீழே லேத் பட்டறையில் இருந்தவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். தெரியாத ஒரே ஆள் ஜானகி. அவள்தான் ஊரிலேயே இல்லையே! கடல் தாண்டி ஒரு வளைகுடா நாட்டில், அந்த நாட்டின் தேசியப் பல்கலைக்கழகத்தில், வெளியீட்டுப் பிரிவின் எடிட்டராக ஏசி அறையில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை இருவரும் நோயல் சாரின் டைப்செட்டிங் கம்பெனியில் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து புரூஃப் பார்த்தவர்கள். வெளிநாட்டிலிருந்து மூலம் வரும். ஆபரேட்டர்கள் கம்ப்யூட்டரில் அடித்துப் பக்கம் கட்டுவார்கள். இவர்கள் வரிக்கு வரி ஒப்பிட்டுத் தப்பைப் பிடிப்பார்கள். அந்த வேலையில் மங்கையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எண்கள் நிரம்பிய அட்டவணை வந்தால் மேலிருந்து கீழ்வரை மனதுக்குள்ளேயே கூட்டிவிடுவாள். கூட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மூலத்தில் இருப்பது அச்சில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், சம்பளம் அதற்குத்தான். ஆனால் கூட்டிப் பார்க்காமல் விட்டால் அவளுக்கு மத்தியானச் சோறு இறங்காது.

தொண்ணூற்றொன்பதில் அந்தப் பல்கலைக்கழகம் எடிட்டர் வேலைக்கு ஆள் கேட்டு இங்கிலீஷ் பேப்பரில் விளம்பரம் போட்டது. விளம்பரத்தை வெட்டி எடுத்துவந்தவள் மங்கைதான். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறதே என்று ஜானகியையும் கூப்பிட்டுக்கொண்டு போனாள். இன்றைக்கும் இதை நினைத்தால் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். ரெசிடென்சி ரோடில் ஓர் ஓட்டலில் இன்டர்வியூ. வந்திருந்த அதிகாரி பிழைகள் நிறைந்த ஒரு தாளை ஆளுக்கொன்று கொடுத்து அரைமணி நேரம் தந்தார். மொத்தம் இருபத்துமூன்று பிழை. மங்கை இருபத்துமூன்றையும் பிடித்தாள். ஜானகி பத்தொன்பது. அதிகாரி எதிரிலேயே எண்ணிச் சொன்னார்.

பிறகு, "ஒரு மாதத்தில் வந்து சேர முடியுமா?" என்று கேட்டார். ஜானகி, "முடியும் சார்" என்றாள். மங்கை, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றாள்.

வீட்டில் கேட்டாள். ஜோகுபாளையத்தில் இரண்டு அறை வீடு. கணவன் கோவிந்தராஜன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போயேன், யார் வேணாம்னா?" என்றான். மறுநாள் காலை எஸ்டிடி பூத்திலிருந்து ஓட்டலுக்குப் போன் போட்டபோது இடம் ஜானகிக்குப் போய்விட்டிருந்தது. அவன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலம் முழுக்க அவனைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள். பாவி மனுஷன் அதற்கும் வழி வைக்கவில்லை. திட்டுவதற்கு மிச்சம் இருந்தது ஜானகி ஒருத்திதான்.

இரண்டாயிரத்து ஒன்று ஜனவரியில் ஜானகியிடமிருந்தே கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. பல்கலைக்கழகம் வருஷா வருஷம் போடும் கையடக்கப் புத்தகம். தன்னைப் பற்றிய தகவல்களையும் எண்களையும் பெருமையோடு அடுக்கி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பதற்கு. இடமிருந்து புரட்டினால் இருபத்துநான்கு பக்கம் இங்கிலீஷ், வலமிருந்து புரட்டினால் இருபத்துநான்கு பக்கம் அரபி. இரண்டும் நடுவில் சந்திக்கும். அரபிப் பக்கத்தை அங்கேயே செய்துகொள்வார்கள். இங்கிலீஷ் பக்கம் மட்டும் இங்கே.

"மங்கைகிட்ட மட்டும் குடுங்க சார், வேற யாரும் வேணாம்னு எழுதியிருக்காம்மா" என்று நோயல் சார் மெயிலைப் படித்துக் காட்டினார். ஆஸ்டின் டவுன்காரர், நல்ல மனிதர், யார் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்கத் தெரியாதவர்.

"ஓஹோ, எனக்கே வேலை வைக்கிற அளவுக்கு வந்துட்டாளா?" என்றாள் மங்கை.

"அப்படி இல்லம்மா, உன் மேல அவ்ளோ நம்பிக்கை."

"நம்பிக்கையாம்!" என்று காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த இருபத்துநான்கு பக்கத்தைப் படிப்பது அவளுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதையாகிவிட்டது. ஏழு கல்லூரிகள். நூலகத்தில் நாலு லட்சம் புத்தகங்கள். எண்பத்தெட்டு பஸ்கள், எல்லாமே ஏசி. வளாகத்துக்குள் ஒரு மசூதி, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு நீச்சல் குளம். பேரீச்ச மரங்களைக்கூட விடவில்லை, எண்ணிப் போட்டிருந்தார்கள்: இரண்டாயிரத்து நூற்றுப் பத்து. பல்கலைக்கழகத்தின் கணக்காக அதை அவளால் படிக்க முடியவில்லை. ஜானகியின் சொத்து விவரமாகவே படித்தாள். எண்பத்தெட்டு பஸ்ஸில் எதில் வேண்டுமானாலும் ஏறி உட்காருவாள் மகாராணி. நான் ஜோகுபாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறேன். நாலு பிழையைக் கோட்டைவிட்டவளுக்கு நாலு லட்சம் புத்தகம்!

பதினாலாம் பக்கத்தில் அட்டவணை இருந்தது. கல்லூரிவாரியாக மாணவர், மாணவியர். பழக்கம் விடுமா, மாணவியர் பத்தியை மேலிருந்து கூட்டினாள். ஐயாயிரத்து நூற்று நாற்பது வந்தது. அடியில் மொத்தம் ஐயாயிரத்து முந்நூற்று இருபது என்றிருந்தது. மறுபடி கூட்டினாள். நூற்று எண்பது பெண்களைக் காணவில்லை.

எங்கே போனார்கள் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பத்தொன்பதாம் பக்கத்தில், அறிவியல் கல்லூரியில் 868 மாணவியர் என்று ஒரு வாக்கியம் இருந்தது. அட்டவணையில் அதே கல்லூரிக்கு நேராக 688. எண் இடம் மாறிவிட்டது. ஆபரேட்டர் கிஷோர் மேல் தப்பில்லை. மூலத்தை எடுத்துப் பார்த்தாள். அதிலேயே 688. மூலத்தை அடித்தவள் ஜானகி.

அந்தத் தொழிலில் இரண்டு பேனா உண்டு. ஆபரேட்டர் செய்த தப்புக்குச் சிவப்பு. மூலத்திலேயே சந்தேகம் என்றால் பச்சை. ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, கேள்விக்குறி வைத்து, எழுதியவரையே கேட்பது. மங்கை பச்சைப் பேனாவைத் திறந்தாள். வட்டம் போடக் கை போயிற்று. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வட்டம் போட்டால் என்ன ஆகும்? ஜானகி திருத்திவிடுவாள். புத்தகம் சுத்தமாக வரும். அங்கே எல்லோரும் ஜானகியை மெச்சுவார்கள். அவள் கோட்டைவிட்ட ஐந்தாவது பிழையை நானே பிடித்துக் கொடுக்க வேண்டுமா?

மூலத்தில் இருப்பது அச்சில் இருக்கிறது. அதுதானே என் வேலை? கூட்டிப் பார்க்கச் சொல்லி யாராவது கேட்டார்களா?

பச்சைப் பேனாவை மூடினாள். மற்ற பக்கங்களில் மூன்று கமாவும் ஒரு இடைவெளியும் திருத்தி, சரிபார்த்ததற்கான சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். அன்று மத்தியானம் சோறு நன்றாகவே இறங்கியது. அவளுக்கே ஆச்சரியம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜானகி போன் பண்ணினாள். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. நோயல் சார் தன் அறைக்குக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தார்.

"ஏய் மங்கை, எப்படிடீ இருக்கே? கோவிந்தண்ணா நல்லா இருக்காரா?"

"இருக்கோம், இருக்கோம். நீ சொல்லு, உனக்கென்ன குறைச்சல்."

"குறைச்சல் எல்லாம் சாம்பார்தான். இங்க கேன்டீன்ல அரிசி நீள நீளமா நூல் மாதிரி இருக்கு. உன் கையால ஒரு டப்பா புளிசாதம் கிடைச்சா எண்பத்தெட்டு பஸ்ஸையும் எழுதிக் குடுத்துடுவேன்." சிரித்தாள். "புக்கு சூப்பரா வந்திருக்கு. நாளைக்கு பிரிண்டுக்குப் போகுது. உனக்கு அதுல ஒரு சர்ப்ரைஸ் இருக்கு, இப்ப சொல்ல மாட்டேன்."

நாளைக்கு. அப்படியென்றால் இன்னும் போகவில்லை. 'பதினாலாம் பக்கத்தைப் பார்' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். மங்கை வாயைத் திறந்தாள்.

"அப்புறம், எனக்கு புது ஃப்ளாட் குடுத்துட்டாங்கடீ. பால்கனில நின்னா கடல் தெரியுது."

மங்கை வாயை மூடிக்கொண்டாள். "நல்லா இரு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவள் வேறு மாதிரி இருந்தாள். முதல் வாரம் குஷி. அந்த நூற்று எண்பது பெண்களும் புத்தகத்துக்கு வெளியே வரிசையாக நின்று ஜானகியைத் தேடிக்கொண்டிருப்பதாக நினைத்து பஸ்ஸிலேயே சிரித்துக்கொண்டாள். மூன்றாவது வாரத்தில் குஷி புளித்துவிட்டது. புளிசாதம் என்று அவள் சொன்னது நேரங்கெட்ட நேரத்தில் ஞாபகம் வந்தது. ஒருநாள் கோவிந்தராஜனிடம், "ஒருத்தர் தப்பை நாம பாத்துட்டுச் சொல்லாம விட்டா அது நம்ம தப்பா?" என்று கேட்டாள். "யாரு, எங்க சூப்பர்வைசரா? விடு, நல்லா மாட்டட்டும்" என்றான் அவன். அவனிடம் கேட்டு என்ன பிரயோஜனம்!

மார்ச் முதல் வாரத்தில் கூரியரில் புத்தகம் வந்தது, மூன்று பிரதி. நோயல் சார் உறையைப் பிரித்துப் புரட்டினார். இங்கிலீஷும் அரபியும் சந்திக்கும் நடுப்பக்கத்துக்கு வந்ததும், "மங்கைம்மா! இங்க வாம்மா, ஓடி வா!" என்று கத்தினார். எல்லோரும் எழுந்து வந்தார்கள்.

அந்த ஒரு பக்கத்தை அடுகோடிக்கு அனுப்பவில்லை. ஜானகி அங்கேயே கடைசியில் சேர்த்திருந்தாள். பதிப்பாசிரியர் ஜானகி என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், எண்கள் சரிபார்ப்பு: அலர்மேல்மங்கை கோவிந்தராஜன், பெங்களூர்.

பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் புத்தகங்களைத் திருத்தியவளின் பெயர் முதல்முறையாக அச்சில் ஏறியிருந்தது. கிஷோர் கை தட்டினான். நோயல் சார் கூடவே இருந்த கடிதத்தை உரக்கப் படித்தார்.

"மங்கை, இதுதான் சர்ப்ரைஸ். எங்க செக்‌ஷன்ல இன்னொரு எடிட்டர் போஸ்ட் வருது. ஹெட்கிட்ட உன்னைப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன். இந்த புக்கையே உன் சாம்பிளா குடுத்துட்டேன். அவங்க அட்டவணைன்னா விடவே மாட்டாங்க, உன்னை மாதிரியேதான், கூட்டிக் கூட்டிப் பாப்பாங்க. பாக்கட்டும்னு சொல்லிட்டேன். இந்தத் தடவையாவது வீட்டுல கேக்காம சரின்னு சொல்லு."

"ட்ரீட் எப்பம்மா?" என்றார் நோயல் சார். "இந்தப் பக்கத்தை ஃப்ரேம் போட்டு வாசல்ல மாட்டப்போறேன்."

மங்கை ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போனாள். பதினாலாம் பக்கத்தைத் திறந்தாள். 688 அப்படியே இருந்தது. எங்கே போகும்! எதிர்ப்பக்கம் ஜானகியின் பழைய நாற்காலி காலியாகக் கிடந்தது. இரண்டு வருஷமாக அதில் வேறு யாரையும் உட்கார விடாதவள் அவள்தான். ஏன் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குப் போன் வந்தது. நோயல் சார் ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டு, பேசட்டும் என்று வெளியே போனார்.

"மங்கை, புக்கு வந்துச்சா?" ஜானகியின் குரல் இறங்கியிருந்தது. "பதினாலாம் பக்கம் பாத்தியா?"

"உம்."

"ஹெட் இன்னிக்கு காலைல புடிச்சிட்டாங்க. அரபில எண்ணூத்தி அறுபத்தெட்டு, நம்ம சைடுல அறுநூத்தி எண்பத்தெட்டு. என் தப்புதான்டீ, காப்பியை அடிச்சதே நான்தான். அதைச் சொல்லிட்டேன். திட்டினாங்க, பரவாயில்ல. ஒட்டுச்சீட்டு அடிச்சு ஒட்டச் சொல்லிட்டாங்க, அதோட முடிஞ்சுது. ஆனா உன் பேரு சரிபார்ப்புன்னு இருக்கில்ல, அதைக் கேக்கறாங்க. இவங்க எப்படி விட்டாங்கன்னு."

மங்கை ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே. மனுஷங்கதானே, கண்ணு தவறும்னு சொல்லியிருக்கேன். ஹெட்டும், சரி, அந்தம்மாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுன்னாங்க. போஸ்ட் இன்னும் போகல மங்கை. கண்ணு தவறிடுச்சுன்னு நீ சொன்னா போதும், நான் போய்ச் சொல்லிடறேன்." பிறகு, ஆறுதலுக்கு என்று நினைத்து, இதையும் சேர்த்துச் சொன்னாள்: "எனக்கும்தான் அன்னிக்கு ஓட்டல்ல நாலு விட்டுப்போச்சு. அதே மாதிரி உனக்கும் ஒண்ணு. அவ்ளோதானே?"

'அவ்வளவுதான்' என்றால் போதும். ஏசி பஸ், பால்கனி, கடல், நாலு லட்சம் புத்தகம் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் இருந்தன. எதிர் நாற்காலியில் பழையபடி ஜானகியும் இருப்பாள். மங்கைக்கு அத்தனையும் வேண்டும். வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனால், அதே மாதிரி உனக்கும்? எனக்கா?

"பாத்தேன்" என்றாள்.

"என்ன?"

"முதல் நாளே பாத்தேன். கூட்டினேன், நூத்தி எண்பது குறைஞ்சுது. பத்தொன்பதாம் பக்கத்துல சரியான எண்ணு இருந்ததையும் பாத்தேன். எனக்கு எதுவும் விட்டுப்போகல, ஜானகி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது.

"அப்புறம் ஏன்டீ சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டாள் ஜானகி. கோபமே இல்லை அந்தக் குரலில். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நோயல் சார் அந்தப் பக்கத்தை மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.