அறுநூற்றுப் பதினோராவது நாள்

“அண்ணா, நீ ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பின ஓலைப்படி நேத்தே ரவுட்டருக்குப் புது சாஃப்ட்வேர் போட்டுட்டேன். உங்க வீட்டுல எப்போ போட்டே?”

தங்கையின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. இரண்டு கையிலும் சோப்பு நுரையோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன், முழங்கையால் போனை அணைக்கப் பார்த்தான். அதற்குள் மனைவி உள்ளறையிலிருந்து வந்துவிட்டாள். கழுத்தில் ஹெட்செட் தொங்கியது.

“என்ன ஓலை?”

“ஐயோ, அண்ணிக்குத் தெரியாதா?” நாத்தனாருக்கு ஒரே குஷி. “எங்க ஆபீஸ்ல வீட்டிலேர்ந்து வேலை பார்க்கிற இருநூத்தி நாப்பது பேரும் இன்னிக்கு மத்தியானம் பன்னிரண்டுக்குள்ள போட்டாகணும். போடலைன்னா ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள போக முடியாது. கீழே கையெழுத்து யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம பூட்டுதான்!”

பூட்டு என்பது குடும்பம் அவனுக்கு வைத்த பெயர். தங்கை வேலை பார்க்கும் அதே அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பு அதிகாரி. வீட்டில், மூடிய டப்பாவின் மூடியை இன்னொரு தரம் திருகிப் பார்த்துவிட்டுத்தான் நகருவான்.

“அப்புறம் பேசுறேன்” என்று மூக்கால் போனை அணைத்தான்.

வெள்ளிக்கிழமை. மணி பத்து நாற்பது.

கூடத்தில் புத்தக அலமாரியின் உச்சியில் ரவுட்டர் தன் பாட்டுக்குப் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அவன் வைத்த பெயர் ‘பெரியவர்’. தினமும் பல் தேய்த்த கையோடு போனில் அதன் கணக்கைப் பார்ப்பான். இன்றைக்கு அறுநூற்றுப் பதினொன்று. அத்தனை நாளாக ஒரு நொடிகூட அது அணையவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய மென்பொருள், தும்மல்கூடப் போடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“ஊருக்கெல்லாம் உபதேசம். பெரியவருக்கு மட்டும் விதிவிலக்கா?”

“நான் எழுதின அன்னிக்கே போடலாம்னுதான் பார்த்தேன்.” கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். “இதே மாடலுக்குப் புதுசைப் போட்டதும், சில பேர் வீட்டுல பெட்டி எழுந்திருக்கவே இல்லையாம். நூத்துல ரெண்டு.”

“அப்போ அந்த இருநூத்தி நாப்பது பேருல அஞ்சு பேர் வீட்டுல இழவு விழலாம். நம்ம வீட்டுல மட்டும் விழக் கூடாது.”

அவன் கைத்துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

“சரி, என் பதினொன்றரை மணி வேலை முடியட்டும். அதுவரைக்கும் அவரைத் தொடாதீங்க.”

“அதையேதான் நானும் சொல்றேன்” என்றான், பெரிய பாரம் இறங்கிய முகத்தோடு.

அவள் மருத்துவமனைகளுக்கு மொழிபெயர்ப்பாளர். மருத்துவர் ஒரு மொழி பேசுவார், நோயாளி வேறு மொழி பேசுவார். நடுவில் வீட்டில் உட்கார்ந்தபடி இவள் காதும் வாயுமாக இருப்பாள். பதிவு செய்த வீட்டு இணைப்பில்தான் பேச வேண்டும், போனின் இணையம் கூடாது என்பது நிறுவனத்தின் சட்டம். நடுவில் லைன் போனால் ஒரு கறுப்புப் புள்ளி. அமர்வுக்கு வர முடியாது என்று கடைசி நேரத்தில் சொன்னாலும் அதே புள்ளி. மூன்று சேர்ந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு. முதலாவது, மின்சாரம் போன அன்று. அதன் பிறகுதான் அவன் பெரியவருக்குப் பேட்டரி வாங்கி வைத்தான். இரண்டாவதைப் பற்றி அவள் அவனிடம் விளக்கியதே இல்லை. “லைன் போச்சு” என்றதோடு சரி.

உள்ளே போக இருந்தவள் திரும்பி வந்து கையை நீட்டினாள். “அந்த ஓலையைக் காட்டுங்க.”

படித்தாள். பிழைப்பே வாக்கியங்களை எடை போடுவதுதான். மூன்றாவது பத்தியில் நின்றாள்.

“‘வெளியாள் ஒருவர் உங்கள் ரவுட்டரைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளக்கூடும்.’ இதுக்கு என்ன அர்த்தம்?”

“அது ஒரு எச்சரிக்கை...”

“பூசி மெழுகாதீங்க. என் பேச்சை ஒருத்தன் கேட்க முடியுமா?”

“உன் பேச்சு பூட்டுப் போட்டுத்தான் போகுது.” அவன் தயங்கினான். “ஆனா பெட்டி அவன் கையில இருந்தா, நீ போற வாசல் மாதிரியே ஒரு போலி வாசலைக் காட்டலாம். நீயும் நம்பி உள்ளே போயிடலாம். நடக்கும்னு சொல்லல. நடக்கலாம்.”

“ஓலையில தேதி பத்து நாள் முன்னாடி. அப்போ பத்து நாளா இது உங்களுக்குத் தெரியும்.”

அவன் பெரியவரைப் பார்த்தான்.

அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். பதினொன்றரை மணிக்குக் காத்திருப்பவள், எங்கோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும் பெண். இது நான்காவது அமர்வு. அறுவை சிகிச்சைக்குச் சரியா, வேண்டாமா என்று இன்றைக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது அமர்வில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்லியிருந்தாள். சொல்லி முடித்ததும், “நீங்க நடுவுல இருக்கிறதாலதான் சொல்றேன்” என்றாள். அதை மருத்துவரிடம் மொழிபெயர்த்தபோது இவளே ஒரு வாக்கியத்தை இரண்டு தரம் தொடங்க வேண்டியிருந்தது.

“போடுங்க” என்றாள்.

“என்னது?”

“புதுசை. இப்பவே.”

“உனக்கென்ன, பைத்தியமா? ஏதாவது ஆச்சுன்னா மூணாவது புள்ளி. ஆறு வருஷ வேலை!”

“அந்தம்மா என்கிட்ட சொன்னதை அவங்க புருஷன்கிட்டயே சொல்லல. ஓட்டைன்னு தெரிஞ்ச வீட்டுக்குள்ள உட்கார்ந்து நான் அதைப் பேச மாட்டேன். எவ்வளவு நேரமாகும்?”

“எட்டு நிமிஷம். எல்லாம் சரியாப் போனா.”

“மணி பத்து அம்பது. போடுங்க.”

அவன் லேப்டாப்பைத் திறந்தான். பழைய அமைப்புகளைப் பிரதி எடுத்தான். பிரதிக்கு இன்னொரு பிரதி எடுத்தான். அம்புக்குறி பொத்தானின்மேல் நின்றது. விரல் இறங்கவில்லை. அவள் குனிந்து அவன் விரலின்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

பெரியவரின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மூன்று நிமிடம். ஐந்து. எட்டு. ஒன்பதாவது நிமிடம் ஒரு விளக்கு எழுந்தது. பின்னாலேயே இரண்டாவது. மூன்றாவது, இணையத்தின் விளக்கு, சிவப்பாக எழுந்து சிவப்பாகவே நின்றது.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. ரெண்டு நிமிஷம்.”

அவள் உள்ளே போய்க் குறிப்பு நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்தாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பினாள். திரும்பி வந்தபோது மணி பதினொன்று ஒன்பது. அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். போனுக்குள் ஏதோ ஒரு வாத்தியம் ஓயாமல் ஒலித்தது.

“லைன் கம்பெனியா? வரிசையில எத்தனாவது ஆள் நாம?”

“இருபத்தி மூணாவது. ரெண்டு நிமிஷம் பொறு.”

பதினொன்று பதினேழுக்கு அவர்கள் பத்தொன்பதாவது ஆள். அவன் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“டாக்டர் பேசுறதையே பிரிச்சுச் சொல்றவ நான். உங்க முகத்தைப் படிக்கத் தெரியாதா? என்ன ஆச்சுன்னு ஒழுங்காச் சொல்லுங்க.”

அவன் போனை இறக்கினான். “புதுசு நல்லாத்தான் ஏறியிருக்கு. ஆனா பழைய அமைப்பையெல்லாம் துடைச்சிடுச்சு. நான் எடுத்த பிரதியை ஏத்துக்க மாட்டேங்குது. லைன் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டைக் கையால போடணும்.”

“போடுங்க.”

“அது என் பெட்டகத்துல இருக்கு.”

எல்லாப் பாஸ்வேர்டையும் அவன் பூட்டி வைத்திருக்கும் இணையப் பெட்டகம் அது. எதையும் காகிதத்தில் எழுதக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஒரு தரம் அவள் எழுதி ஒட்டியிருந்த சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டிருக்கிறான்.

“போன்ல நெட் இருக்கே, அதுல திறங்க.”

“திறக்காது.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “வீட்டு இணைப்பிலேர்ந்து மட்டும்தான் திறக்கணும்னு நான்தான் பூட்டு போட்டேன். திருடன் எங்கேயாவது உட்கார்ந்து திறந்துடக் கூடாதுன்னு.”

“வீட்டு இணைப்பு வர, பெட்டகத்துல இருக்கிற பாஸ்வேர்டு வேணும்.”

“ஆமா.”

“பெட்டகம் திறக்க, வீட்டு இணைப்பு வேணும்.”

“ஆமா.”

“சாவியை உள்ளே வச்சுப் பூட்டிட்டு வாசல்ல நிக்கிறோம். பழசுக்கே திரும்பிப் போயிடலாமா?”

“முடியாது. ஓட்டை உள்ளதை மறுபடி யாரும் போடக் கூடாதுன்னு புதுசுல தடுத்திருக்காங்க. அதையும் நான்தான் ஓலையில பாராட்டி எழுதியிருந்தேன்.”

வேறொரு நாளாக இருந்தால் அவள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது.

அவள் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். பொத்தான்களும் நூல்கண்டும் போட்டு வைக்கும் வட்டத் தகர டப்பாவோடு வந்தாள். மேசையில் கவிழ்த்தாள். பொத்தான்கள் உருண்டோடின. டப்பாவின் அடியில் நான்காக மடித்த மஞ்சள் காகிதம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்ன இது?”

“லைன்காரர் எழுதிக் கொடுத்தது.”

“எப்போ?”

“போன வருஷம் நீங்க மூணு நாள் மீட்டிங்னு வெளியூர் போனீங்களே, அப்போ. தெருவுல கேபிள் மாத்தினாங்க. லைன் வரணும்னா பாஸ்வேர்டு போடணும்னாங்க. உங்களுக்கு ஒன்பது தடவை போன் பண்ணேன். நீங்க மீட்டிங்ல போனைப் பூட்டி வச்சிருந்தீங்க.” காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். “என் ரெண்டாவது புள்ளி அதுதான். மறுநாள் அந்த ஆளையே கூப்பிட்டு எழுதி வாங்கினேன்.”

அவன் காகிதத்தை எடுக்கவில்லை. “ஏன் சொல்லல?”

“சொன்னா கிழிச்சிருப்பீங்க. இப்போ அழறதுக்கு நேரமில்ல, போடுங்க.”

இரண்டு எழுத்து அடித்தவன் நின்றான்.

“மூணு மாசத்துக்கு ஒரு தடவை நான் எல்லா பாஸ்வேர்டையும் மாத்துவேனே.”

“இதை மாத்தினீங்களா?”

அவன் கண்ணை மூடி யோசித்தான். கடிகாரம் சத்தமாக நடந்தது.

“இதை மாத்தினா பெரியவருக்குள்ளேயும் போய் மாத்தணும்.” மெல்லக் கண்ணைத் திறந்தான். “ஓடுறதைத் தொட வேண்டாம்னு பயந்து... மாத்தல.”

“உங்க பயமும் ஒரு நாள் சோறு போடுது பாருங்க. அடிங்க!”

அடித்தான். ஒவ்வொரு எழுத்தாக அவள் சொல்லச் சொல்ல அடித்தான். மணி பதினொன்று இருபத்தைந்து. சிவப்பு அணைந்தது. ஆரஞ்சு எழுந்தது, அணைந்தது, மறுபடி எழுந்தது.

பச்சை.

அவள் நின்று பார்க்கவில்லை. அவன் எழுந்திருப்பதற்குள் உள்ளறைக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. பதினொன்று இருபத்தெட்டுக்கு அவள் திரையில் பெயரும் எண்ணும் பதிவாயின. சரியாகப் பதினொன்றரைக்கு ஒரு களைத்த குரல் கேட்டது.

“நீங்கதானே? வேற யாரையும் அனுப்பலையே?”

“நான்தாம்மா. சொல்லுங்க.”

வெளியே அவன் போனில் பெரியவரின் கணக்கைப் பார்த்தான். பூஜ்யம் நாள், பூஜ்யம் மணி, முப்பது நிமிடம். பழக்க தோஷத்தில் கை மஞ்சள் காகிதத்தை எடுத்தது. இரண்டு நுனியையும் பிடித்தது. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு மேசைக்கடியில் தவழ்ந்து, உருண்டோடிய பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் இருந்த குறிப்புத் தாள்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அமர்வு முடிந்ததும் கிழித்துவிட வேண்டும் என்பது அவள் வேலையின் சட்டம்.

“என்ன சொன்னாங்க? சரியா, வேண்டாமா?”

“அதை உங்ககிட்ட சொல்லக் கூடாது.” நாற்காலியில் சரிந்தாள். “லைன் ஒரு தடவைகூட விட்டுப் போகல. அது மட்டும் சொல்லலாம். என் சீட்டு எங்கே, கிழிச்சாச்சா?”

“டப்பாவுல இருக்கு.”

டப்பா அலமாரியின் உச்சியில், பெரியவருக்குப் பக்கத்தில் இருந்தது. மூடி கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்திருந்தது. அவன் அதை இரண்டாம் தரம் அழுத்திப் பார்க்கவில்லை.