டொரத்தி வெளுத்த வளையங்கள்

ஓய்வு பெறும்வரை டொரத்தி ஜொகூர் பாருவில் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தாள். கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் விரலை ஓட்டித் தூக்கிப் பார்ப்பாள். நுனியில் தூசி தெரிந்தால் அந்த அறை மறுபடியும் முதலிலிருந்து. வேலை போனாலும் விரலின் பழக்கம் போகவில்லை. தன் ஊரான பாலோவிலிருந்து செனாயில் இருக்கும் மகள் மிஷேல் வீட்டுக்குத் தங்க வந்தவள், வந்த அன்றே காற்றாடியின் இறக்கைகளைத் துடைத்து முடித்துவிட்டாள்.

"ஏன் அத்தை உங்களுக்குச் சிரமம்?" என்றான் மருமகன் யூஜின்.

"சிரமம் என்ன மாப்ள, சும்மாதானே இருக்கேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவருக்கும் இடையே பேச்சு இந்த அளவோடு நின்றது. ஒருவர் மனம் நோகக் கூடாதென்று இன்னொருவர் பயந்து பயந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் மாதிரியே பேசிக்கொண்டார்கள்.

கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. மணல், மரக்கட்டை, விளிம்புவரை தண்ணீர், எல்லாம் இருந்தன. மீன் மட்டும் இல்லை.

"மீன் எங்க மாப்ள?"

"இப்ப விட்டா செத்துடும் அத்தை. மீனோட கழிவு தண்ணில விஷமாயிடும். அதச் சரி பண்ண நல்ல பாக்டீரியா வேணும். அதுங்க மொதல்ல குடியேறணும்."

டொரத்தி மரியாதையாகத் தலையாட்டி வைத்தாள். அவள் அறிந்தவரை பாக்டீரியா என்பது பாட்டிலின் மேல் 'கொல்லும்' என்று போட்டிருக்கும் ஒன்று. அதைப் போய் யாராவது குடிவைப்பார்களா?

ஒரு சனிக்கிழமை யூஜின் ஜொகூர் பாருவுக்குப் போய், மூடி போட்ட ஒரு வாளியோடு வந்தான். அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து பின்பக்கம் வைத்தான். பிறகுதான் ஃபில்டர் குழாய் நீளம் போதவில்லை என்று தெரிந்தது. வாங்கி வர மிஷேலையும் ஏற்றிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினான்.

துணி காயப்போட வந்த டொரத்தியின் மூக்கில் ஒரு நாற்றம் ஏறியது. மழைவிட்ட சாக்கடை நாற்றம். வாளியைத் திறந்தாள். பழுப்புத் தண்ணீர். அதற்குள் ஒரு வலைப்பை, பை நிறைய விரல் தடிமனில் சின்னச் சின்ன வளையங்கள். ஒவ்வொன்றிலும் கொழகொழவென்று பாசி படிந்திருந்தது.

"அட பாவமே, பிள்ளைய ஏமாத்தி பழசக் குடுத்துட்டானுங்க!"

அவ்வளவுதான். தண்ணீரைக் கொட்டினாள். வெந்நீர் வைத்தாள், பிளீச் ஊற்றினாள், பழைய பல் துலக்கும் பிரஷை எடுத்துக்கொண்டு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். உள்ளும் புறமுமாக ஒவ்வொரு வளையத்தையும் தேய்த்தாள். பைப்பைத் திறந்துவிட்டு அலசினாள். தட்டில் பரப்பி வெயிலில் வைத்தபோது அவை மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை வெளேரென்று மின்னின. ஹோட்டலில்கூட இப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

யூஜின் வந்தான். வாளியைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். ஒரு வளையத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான்.

"ரொம்ப... சுத்தமா இருக்கு அத்தை" என்றான். போய்ச் சோபாவில் உட்கார்ந்து வெறும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிஷேல் அம்மாவை அடுப்படிக்குள் இழுத்துப் போனாள்.

"அம்மா, அது அழுக்கு இல்லமா. அதுதான் பாக்டீரியா. அவர் புது ரிங் வாங்கி, கூட்டாளி குணாளனோட பழைய தொட்டி ஃபில்டருக்குள்ள போட்டு வச்சிருந்தாரு. அங்க உள்ளது இதுல ஒட்டி வளரணும்னு எத்தன வாரம் காத்திருந்தாரு தெரியுமா?"

"அப்ப நான் கழுவுனது?"

"கழுவலமா. கொன்னுட்ட. கோடிக்கணக்குல."

டொரத்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நாளைக்குப் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால் ஃபாதரிடம் இதை எப்படிச் சொல்வது? எண்ணிக்கை கேட்டால் என்ன சொல்வது? அதைவிட, அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

சேலையை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "மாப்ள, வண்டிய எடுங்க. அந்தக் குணாளன் தம்பியப் பாக்கணும்."

"பரவால்ல அத்தை, மறுபடி வைக்கலாம்..."

"பரவால்லன்னு சொல்லாதீங்க. எடுங்க வண்டிய."

ஜொகூர் பாருவில் குணாளன் கதவைத் திறந்ததும் டொரத்தி தானே விஷயத்தைச் சொன்னாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பிளீச்சா ஆன்ட்டி? பிரஷ் வேறயா? அலமாக்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கவலப்படாதீங்கலா. ஏங்கிட்ட ஊருக்கே குடுக்குற அளவு இருக்கு."

தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டான். தன் ஃபில்டரிலிருந்து கறுத்துப்போன ஸ்பாஞ்சை எடுத்து அதில் பிழிந்தான். தண்ணீர் கடுங்கோப்பி நிறமானது. தன் பழைய வளையங்களில் ஒரு கை அள்ளிப் போட்டான்.

"மூடிய இறுக்கிடாதீங்க ஆன்ட்டி. காத்து வேணும். இதுங்களும் மூச்சு விடும்."

டொரத்தி முன் சீட்டில், நல்ல சேலையின் மடியில், அந்த வாளியை வைத்துக்கொண்டாள். நாற்றம் வண்டியை நிறைத்தது. ஸ்கூடாய் பக்கம் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள். குனிந்த போலீஸ்காரர் வாளியில் என்ன என்று மலாயில் கேட்டார். யூஜின் பதில் தேடுவதற்குள் டொரத்தி முந்திக்கொண்டு, "பாக்டீரியா, துவான். பாக்டீரியா பாயிக்" என்றாள். நல்ல பாக்டீரியாவாம். அவர் ஒரு முறை மோந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, போ போ என்று கையை வீசினார்.

யூஜினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோள் குலுங்கியதில் சாலையின் மேட்டைக் கவனிக்காமல் வேகமாக ஏற்றினான். வாளி துள்ளியது, கறுப்புத் தண்ணீர் டொரத்தியின் மடியில் தெறித்தது.

"டேய், மெதுவா போடா! உயிர் இருக்குடா இதுல!"

மருமகனை 'டா' போட்டுவிட்டோமே என்று டொரத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். யூஜின் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"சரி அத்தை" என்றான். சற்றுப் பொறுத்து, "எங்கம்மாகூட இப்படித் திட்டுனதில்ல" என்றான். பிறகு இருவருமே சிரித்தார்கள். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் சிந்தியது.

வீட்டில், அவள் வெளுத்த வளையங்களைப் பலமுறை அலசி, பிளீச்சை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து கலந்த தண்ணீரில் ஊறவைத்தான் யூஜின். பிளீச் வாடை முழுக்கப் போன பிறகே அவற்றைக் குணாளன் கொடுத்த வளையங்களோடு ஃபில்டரில் அடுக்கினான். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தவள் டொரத்தி. கறுப்புத் தண்ணீரை ஊற்றும் வேலையையும் அவளிடமே விட்டான். பளிங்கு போன்ற தண்ணீரில் தன் கையாலேயே அழுக்கை ஊற்றும்போது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் விசித்திரமான ஒரு வழக்கம் வந்தது. காலையில் ஜெபம் முடித்ததும் டொரத்தி காலித் தொட்டியில் ஒரு சிட்டிகை மீன் தீனி தூவுவாள். அது அழுகினால்தான் உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு என்று யூஜின் சொல்லியிருந்தான். பக்கத்து வீட்டுக் காளியம்மா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டாள்.

"மீனே இல்லியே, யாருக்குப் போடுறீங்க?"

"எங்க ஆளுங்களுக்கு" என்றாள் டொரத்தி, திரும்பாமல்.

ஊருக்குப் போக வேண்டிய நாள் வந்து போனது. அவள் போகவில்லை. யூஜின் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விடும்போதெல்லாம் கூடவே குனிந்து பார்த்தாள். ஒரு மாலை, கழிவின் விஷம் இருந்தால் பச்சையாகும் அம்மோனியா குழாய் மஞ்சளாகவே நின்றது.

"அத்தை! குடியேறிட்டாங்க!" என்று கத்தினான்.

அன்றைக்கே கடைக்குப் போனார்கள். அவன் சிவப்புக் கோடு போட்ட சின்ன மீன்கள் வேண்டுமென்றான். அவள் வால் பெரிய கப்பி மீன்தான் வேண்டுமென்றாள். கடைக்காரர் முன்னாலேயே இருவரும் உரக்கச் சண்டை போட்டார்கள். மிஷேல் வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள்.